அம்மா கீமோ வேண்டாம் என்கிறார், நாட்டு மருந்து போதும் என்கிறார்: எது நியாயம்?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, மார்பில் கட்டி. மதுரையில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று வந்திருக்கிறது. ஆபரேஷன், கீமோ எதுவும் வேண்டாம், பக்கத்து ஊர் வைத்தியர் கொடுக்கிற மருந்தே போதும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். பெரியப்பா வீட்டில் ஒரு பேச்சு, மாமா வீட்டில் ஒரு பேச்சு. "அவங்க உடம்பு, அவங்க இஷ்டம்னு விட்டுடுறதா, இல்ல அழுது அடம்பிடிச்சாவது கூட்டிட்டுப் போறதா? அந்த வைத்தியர் செய்றது தப்பு இல்லையா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அம்மா தெளிவாக யோசிக்கிற நிலையில் இருக்கும்வரை, அவர் வேண்டாம் என்கிற ஊசியை யாரும் போட முடியாது, போடவும் கூடாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பது பற்றிய வழக்கில், மனத்தெளிவுள்ள வயதுவந்த ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம், அது உயிர்காக்கும் சிகிச்சையாக இருந்தாலும் மறுக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே நீதிமன்றம் 2008இல் இன்னொரு வழக்கில், சம்மதம் வாங்குவது என்றால் என்ன என்றும் சொல்லியிருக்கிறது. என்ன சிகிச்சை, அதனால் என்ன பலன், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, மறுத்தால் என்ன ஆகும், இத்தனையும் நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நம் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விவரம் தெரிந்து வேண்டாம் என்பது வேறு, விவரமே தெரியாமல் வேண்டாம் என்பது வேறு. முன்னதை மதிக்கத்தான் வேண்டும். பின்னதை "மதிக்கிறேன்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டால் அது அம்மாவைக் கைவிடுவதுதான்.

நான் மதுரையில் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள். இப்போது தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை ஊர்களில் வீடுவீடாகப் போய், முற்றிய நோயாளிகளுக்கு வலி மருந்தும் புண் கட்டும் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். "அவங்களே ஆஸ்பத்திரி வேண்டாம்னுட்டாங்க" என்ற பேச்சை எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். உள்ளே போய் நோயாளியிடம் தனியாகப் பேசினால் கதை வேறாக இருக்கும். அவருக்கு என்ன நோய் என்றே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு அக்காவைச் சொல்கிறேன். கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர். முழுகும்போது மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் துணி ஒரு பக்கம் மட்டும் உறுத்துகிறதே என்று தடவிப் பார்த்து, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியை அவரே கண்டுபிடித்தார். டாக்டர் சொன்னது அவர் கொழுந்தனாரிடம். கொழுந்தனார் வீட்டில் சொன்னது "நெறிகட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல". நெறிகட்டிக்கு யார் மதுரைக்குப் போவார்கள்? பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார், சூரணம் தின்றார், திரும்பவும் கடலுக்குப் போனார். நான் அந்த வீட்டுக்குப் போனபோது கட்டி உடைந்து புண்ணாகி, நாற்றம் தாங்காமல் அவரே தன் பாயைத் தனியாகத் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினேன், நாற்றம் அதில்தான் அடங்கும். கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "புத்துன்னு ஒருத்தர் எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே போயிருக்க மாட்டேனா?" அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பயந்துவிடுவாள் என்று பாசத்தில் மறைத்தார்கள். ஆனால் அந்தப் பாசம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அவர் உயிரைப் பற்றிய முடிவை.

அதனால் உங்களிடம் என் முதல் கேள்வி: அம்மாவுக்குத் தெரியுமா? "கட்டி" என்று தெரியுமா, "புற்றுநோய்" என்று தெரியுமா? இரண்டாம் நிலை என்றால் இன்னும் குணமாக்கப் பார்க்கலாம் என்று தெரியுமா? நம் ஊரில் கேன்சர் என்றாலே முடிந்தது கதை என்ற நினைப்பு இருக்கிறது. எப்படியும் சாகப்போகிறோம், முடி கொட்டி, வாந்தி எடுத்து, பிள்ளைகளைக் கடனாளியாக்கிவிட்டு ஏன் சாக வேண்டும் என்று ஒரு தாய் நினைத்தால் அவர் கணக்கு சரிதான். கணக்கில் போட்ட எண்தான் தப்பு. மார்பகப் புற்றுநோய் முதல் நிலையில் பிடிபட்டு முழுச் சிகிச்சையும் கிடைத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். இரண்டாம் நிலையில் அது கொஞ்சம் குறையும், ஆனாலும் நம்பிக்கை வைக்கிற நிலைமைதான். முற்றிப்போய் வருகிறவர்களைத்தான் ஊர் பார்க்கிறது, அவர்கள் இறப்பதைத்தான் பார்க்கிறது. குணமானவர்கள் எதையும் வெளியே சொல்லாமல் மார்க்கெட்டில் நம் பக்கத்தில் நின்று மீன் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பணமும் தூரமும். இதை விட்டுவிட்டு அறம் பேசினால் அது வெறும் பேச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும், அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம். சரி, ராமேசுவரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் போல வரும். கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு கொடுப்பது, என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். கூடத் துணைக்கு ஒருத்தர், அவருடைய கூலி போகும், தங்க இடம், சாப்பாடு. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை தீவிலிருந்து வந்த நோயாளிகள் பஸ்ஸில் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ வந்து அங்கே ரயில் மாறினார்கள், கீமோ முடிந்த அன்றும் அப்படித்தான் திரும்பினார்கள். இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. "தடைக்காலம் வரட்டும், அப்ப வீட்ல ஆள் இருக்கும், போய்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள், தடைக்காலம் வந்ததும் கையில் காசு இல்லை என்று தள்ளிப்போடுகிறார்கள். இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்கிற வைத்தியர் நுழைகிறார். அம்மா நாட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தாரா, இல்லை மதுரைக்குப் போக முடியாமல் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் அவருக்குத் தேவை அறிவுரை இல்லை, தங்க ஓர் இடமும் துணைக்கு ஓர் ஆளும்தான்.

வைத்தியரிடம் ஏன் போகிறார்கள் என்பதையும் ஆஸ்பத்திரிக்காரர்களாகிய நாங்கள் யோசிக்க வேண்டும். அவர் நாடி பிடிக்கிறார், கையைத் தொடுகிறார், "என்ன தாயி சாப்பிட்ட, தூக்கம் வருதா" என்று கேட்கிறார். எங்கள் ஓபியில் நூறு பேர் வரிசையில் நிற்க, பெரிய டாக்டருக்கு ஒருவரிடம் பேச இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிசயம். கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பயத்தோடு வருகிறவருக்கு, அது ஏன் அப்படி இல்லை என்று சொல்ல அந்த இரண்டு நிமிஷம் போதாது. ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது, அவர்கள் ஏற்கெனவே பரவிய நிலையில் வந்தவர்கள் என்பது ஊருக்குத் தெரியாது. அப்புறம், நாட்டு மருந்து சாப்பிட்டதாகச் சொன்னதும் "அங்கேயே போயிருக்க வேண்டியதுதானே, இப்ப ஏன் வந்தீங்க" என்று கத்தும் டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையை மறைப்பார், அல்லது வரவே மாட்டார். மருத்துவ அறத்தில் இதுவும் பெரிய தவறு. நோயாளி ஒரு சிகிச்சையை மறுத்தால் அந்தச் சிகிச்சையைத்தான் மறுக்கிறார், டாக்டரை இல்லை. கதவைச் சாத்துவதற்கு டாக்டருக்கு உரிமை கிடையாது.

சரி, மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? இதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேறு இடத்துக்குப் பரவாத மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் மாற்று மருத்துவம் மட்டுமே எடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல். புராஸ்டேட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அது மெதுவாக வளர்வது, ஆய்வு நடந்த காலத்துக்குள் வித்தியாசம் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது, மாற்று மருத்துவத்துக்குப் போனவர்கள் படித்தவர்கள், வசதியானவர்கள், வயதில் இளையவர்கள், வேறு நோய் குறைவாக உள்ளவர்கள். இன்னும் நன்றாக இருந்திருக்க வேண்டியவர்கள். அந்தக் குழுவே அதே ஆண்டில் இன்னொன்றும் பார்த்தது: வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து வேறு மருத்துவமும் எடுத்தவர்கள். அவர்களில் கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம் சொச்சம். இறப்பும் இரண்டு மடங்கு. ஆனால் மறுத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது. அதாவது அவர்களைக் கொன்றது சேர்த்துச் சாப்பிட்ட மருந்து என்று சொல்ல முடியாது, அதை நம்பி விட்டுவிட்ட சிகிச்சைதான் காரணம். உங்கள் அம்மா விஷயத்தில் இது ரொம்ப முக்கியம், பின்னால் வருகிறேன்.

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு நாட்டு மருந்துலயே குணமாச்சே" என்று யாராவது சொல்வார்கள், அவர் பொய் சொல்லவில்லை. விசாரித்துப் பாருங்கள். கட்டியை ஆபரேஷனில் எடுத்திருப்பார்கள், கீமோவை மட்டும் பாதியில் விட்டிருப்பார். நோயை எடுத்தது ஆபரேஷன், பெயர் வாங்கியது சூரணம். இல்லையென்றால் சதை எடுத்துப் பார்த்தே இருக்க மாட்டார்கள். மார்பில் வரும் கட்டிகள் நிறைய புற்றுநோயே இல்லை, சில தானாகவே கரையும். பயாப்ஸி இல்லாமல் புற்றுநோயைக் குணமாக்கினேன் என்று சொல்கிறவரிடம் என்ன குணமாச்சு என்று கேட்க வேண்டும். இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்மா "அது கெமிக்கல், இது மூலிகை" என்று சொல்வார். இதற்குப் பதிலைக் கடற்கரையிலேயே காட்டலாம். மணலில், கல்லறைத் தோட்டத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணி இருக்கிறதே, அதிலிருந்து எடுத்ததுதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள். வின்கிறிஸ்டின் 1960களிலிருந்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காப்பாற்றி வரும் மருந்து. ராமநாதபுரம் பக்கம் இந்தச் செடியைப் பயிர் செய்து வேரும் இலையும் ஏற்றுமதிக்கே அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு ஏற்றக்கூடிய பாக்லிடாக்சல் ஒரு மரத்தின் பட்டையில் கண்டுபிடித்தது. எல்லோரும் பயப்படும் அந்தச் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின், இத்தாலியில் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரி தருவது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் எரிபுலின், ஜப்பான் கடலில் எடுத்த கடற்பஞ்சில் இருந்த பொருளைப் பார்த்துச் செய்தது. ஆக மூலிகைக்கும் கீமோவுக்கும் சண்டை இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு, எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று யாராவது எழுதி வைத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் ரத்தப் புற்றுநோய் போகாது, டன் கணக்கில் இலையைப் பிழிந்தால் ஒரு சிட்டிகை மருந்து வரும். சவுதியிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு" செய்தி, கண்ணாடிக் குடுவையில் செல்கள் மேல் பார்த்ததை வைத்து ஊதியது. அந்தப் பழத்தை மிக அதிகமாகச் சாப்பிடும் கரீபியன் தீவு ஒன்றில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாக இருந்ததை 1999இலேயே எழுதியிருக்கிறார்கள், அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இப்போது அந்த வைத்தியர். இங்கே இரண்டு பேரை ஒன்றாகப் போட்டு அடிக்கக் கூடாது. சித்த மருத்துவம் படித்துப் பதிவு செய்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனைகளிலேயே அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மார்பில் கட்டி என்று வந்தவரை "முதல்ல மேமோகிராம் எடுத்துட்டு வாங்க" என்று அவர்களே மதுரைக்கு அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். அது நேர்மை. இன்னொருவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கத்தி வைக்காம நான் கரைச்சுடுறேன், ஒரு மண்டலம் சாப்பிடுங்க" என்பார். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அது முடிந்ததும் "உள்ள அழுக்கு வெளிய வருது, அதான் வீங்குது, இன்னொரு மண்டலம்" என்பார். 2020இல் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு ஒன்று, ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுவதாகச் சொல்கிறது. இரண்டு மண்டலத்தில் எத்தனை நான்கு வாரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியலில் புற்றுநோய் பெயரோடு இருக்கிறது. மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு, "பரம்பரை ரகசியம்" என்று பதில் வந்தால், என்னைப் பொறுத்தவரை அத்தோடு பேச்சு முடிந்தது. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் எப்படிச் சம்மதம் கொடுப்பது? அவர் நல்லவராகவே இருக்கலாம், தன் மருந்தை மனசார நம்பலாம், காசே வாங்காமல் கொடுக்கலாம். ஆனாலும் குணமாகக்கூடிய நிலையில் இருக்கிற ஒருவரைச் சிகிச்சையிலிருந்து திருப்பி அழைத்துக்கொள்கிறவர் அந்த உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டியவர். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், தப்புதான்.

எல்லாருக்கும் இதே பதில் இல்லை. நோய் ஈரலுக்கும் எலும்புக்கும் பரவி, இரண்டு மூன்று வகைக் கீமோவும் கேட்காமல், எழுபது வயதில் ஒரு பாட்டி "போதும்டா, வீட்ல கிடந்து கடல் காத்த வாங்கிட்டுப் போறேன்" என்றால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். அந்த இடத்தில் அவர் ஒரு லேகியம் சாப்பிட்டு நிம்மதியாக இருந்தால் நான் ஏன் தடுக்கப் போகிறேன், அது வலி மாத்திரையைத் தின்ன விடாமல் தடுக்காத வரைக்கும். மார்ஃபின் (morphine) என்ற வலி மாத்திரை கொடுத்தால் வலியோடு சாக வேண்டியதில்லை, அதைக் கேட்டு வாங்குவது அவர் உரிமை. குழந்தை என்றால் நேர் எதிர். ரத்தப் புற்றுநோயில் குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை, முழுச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிற ஒன்று. தன் நம்பிக்கைக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கப் பெரியவருக்கு உரிமை உண்டு, பிள்ளையின் உயிரை வைக்க அப்பனுக்கும் இல்லை, ஆத்தாளுக்கும் இல்லை. அங்கே நான் கெஞ்சுவேன், சண்டை போடுவேன், குழந்தைகள் நலக் குழு வரைக்கும் போவேன்.

உங்கள் அம்மா இந்த இரண்டிலும் இல்லை, குணமாக வாய்ப்புள்ள நிலையில் இருக்கிறார். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் நோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா அங்கே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவைச் சுற்றி இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் ஜனங்களிடம் "தர்காவுக்கு வராதே" என்று சொல்லிவிடவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பின்னாளில் செய்தது, தர்காவிலேயே மனநல மருத்துவத்தைக் கொண்டுவந்தது. துஆ, அதாவது பிரார்த்தனை, ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். வருகிறவர் இரண்டில் ஒன்றை விட வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவிடமும் இந்த வழியில் பேசுங்கள். "வைத்தியரை விட்டாத்தான் ஆஸ்பத்திரி" என்று நிபந்தனை போடாதீர்கள். அந்த அமெரிக்க ஆய்வு சொன்னதும் இதுதான், சிகிச்சையை விடாத வரை மற்றது பெரிய ஆபத்து இல்லை.

பெரிய ஆபத்து இல்லை என்றாலும் சிலதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பாதரசம், பாஷாணம் சேர்ந்த மெழுகு, செந்தூரம் எதுவும் கீமோ நாட்களில் கூடாது, சிறுநீரகமும் ஈரலும் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருக்கும். சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். குழம்பில் போடும் மஞ்சள், பூண்டு, ரசத்தில் போடும் மிளகு பற்றிக் கவலையே வேண்டாம், மாத்திரையாகவோ சூரணமாகவோ போனால் டாக்டரிடம் காட்டுங்கள், டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கீமோ போட்ட இரண்டு வாரத்துக்குள் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி. அப்புறம் பத்தியம். மீன், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் பத்தியத்தால் எலும்பும் தோலுமாகப் போய், உடம்பு தாங்காமல் கீமோவையே நிறுத்த வேண்டி வந்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. மீன்காரர் வீட்டில் மீனை நிறுத்துவதா? நன்றாக வெந்த மீனை அம்மா தாராளமாகச் சாப்பிடட்டும்.

யோகா, மூச்சுப் பயிற்சி, ஜெபம், தொழுகை, கோயிலுக்கு நேர்ந்துகொள்வது எதற்கும் தடை இல்லை. தூக்கமும் மனசும் சரியாக இருந்தால் சிகிச்சையை முடிக்கத் தெம்பு வரும், எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அம்மாவிடம் பேச வேண்டியது என்ன? முதலில் கேளுங்கள், எதற்குப் பயப்படுகிறார் என்று. மார்பை எடுத்துவிடுவார்கள் என்றா? இரண்டாம் நிலையில் பல பேருக்கு மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைக்கலாம். முடியா? திரும்ப முளைக்கும். பணமா, துணைக்கு ஆளா? அதை நீங்களும் மாமாவும் உட்கார்ந்து பேசி, தேதி வாரியாக யார் கூடப் போவது என்று அம்மா முன்னால் எழுதுங்கள், அதைப் பார்த்தே பாதி பேர் சம்மதிக்கிறார்கள். அப்புறம் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹார்மோன் பரிசோதனை என்ன வந்திருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளர்கிற வகை, என்றால் சிலருக்குக் கீமோவே தேவைப்படாது, ஆபரேஷனுக்குப் பிறகு டமாக்சிஃபென் மாதிரி தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம். விலை குறைவு, அந்த வகை நோயில் சாவு அபாயத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. கீமோ தேவை என்று டாக்டர் சொல்லியும் அம்மா அதை மட்டும் மறுத்து ஆபரேஷனுக்கும் மாத்திரைக்கும் ஒத்துக்கொண்டால், அதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் வேண்டும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று நாம் நின்றால் அம்மாவும் அப்படியே நிற்பார். உங்கள் ஊர்ப் பக்கமே சிகிச்சை முடித்து நன்றாக இருக்கிற ஒரு பெண்ணை, அவர் சம்மதத்தோடு, அம்மாவிடம் தனியாகப் பேச வையுங்கள். ஆண்கள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியவர் அம்மா, பெரியப்பா இல்லை, இதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, எல்லாம் தெரிந்து, யோசித்து, "வேண்டாம்பா" என்றால் அந்த முடிவு அம்மாவுடையது, நீங்கள் தோற்றதாக அர்த்தம் இல்லை. அப்போதும் ஒன்று கேளுங்கள்: ஒரு மண்டலம் முடிந்ததும் முதலில் எடுத்த இடத்திலேயே திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சம்மதமா என்று. அந்த 48 நாள் வீணாவதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒரு வருஷம் போவதற்கு அது மேல். கட்டி வளர்ந்திருந்தால் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதை அம்மாவே பார்க்கட்டும். பழைய ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். மனம் மாறி "போகலாம்" என்று அம்மா சொல்கிற அன்று, "அப்பவே சொன்னேனே" என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.